பனியன் கம்பெனிக்கு புது கணக்கு சாப்ட்வேரா? முதலில் சனிக்கிழமை சம்பளத்தைப் போட்டுப் பாருங்க!

திருப்பூர்:

சனிக்கிழமை சாயங்காலம். பனியன் கம்பெனி வாசலில் டெய்லர்கள் வாரச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். உள்ளே கணக்கர் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். "புது சாப்ட்வேர் போட்டிருக்கோம், பீஸ் கணக்கு இன்னும் ஏறலை. திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று பதில் வருகிறது.

வீட்டு வாடகையும் மளிகைக்கடை பாக்கியும் திங்கட்கிழமை வரை காத்திருக்குமா?

சாப்ட்வேர் வாங்குவது முதலாளி விஷயம், நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. தப்பானதை வாங்கினால் முதல் அடி விழுவது தொழிலாளி சம்பளத்திலும், ஜாப் ஒர்க் எடுத்து செய்யும் சின்னப் பட்டறைக்காரர் பாக்கியிலும்தான்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன?

சின்ன கம்பெனியில் நூல் ஸ்டாக் ஒரு நோட்டில், டெலிவரி சலான் ஒரு பைலில், சம்பளம் ஒரு எக்செல் பக்கத்தில், வரவு செலவு டேலியில் என்று தனித்தனியாக இருக்கும். 30 பேர் வேலை செய்யும் வரை ஓடி விடும். 300 பேர் ஆகும்போது ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. எந்த ஆர்டரில் லாபம், எதில் நஷ்டம் என்று வருஷக் கடைசியில்தான் தெரியும்.

இது அத்தனையையும் ஒரே இடத்தில் கோர்ப்பதுதான் ஈ.ஆர்.பி. குடோனில் நூல் இறங்கியதை ஏற்றினால் ஸ்டாக் கூடும், சப்ளையர் பாக்கியும் தானாக ஏறும். ஒரே தகவலை நாலு பேர் நாலு இடத்தில் எழுத வேண்டியதில்லை.

டேலி, எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன், ஓடூ, ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று பெயர்கள் நிறைய. பனியன் தொழிலுக்கென்றே உள்ளூரில் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. நம்ம வேலைக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிலோவில் போகும், பீஸாக வரும்

திருப்பூர் தொழிலில் சிக்கலே இங்கேதான். உதாரணத்துக்கு 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்கு போகிறது என்று வைப்போம். அங்கே கொஞ்சம், சாயப்பட்டறையில் கொஞ்சம் எடை குறைந்து 940 கிலோ துணியாக வருகிறது. கட்டிங் மேஜைக்கு போனதும் கிலோ கணக்கு முடிந்து, பீஸ் கணக்கு ஆரம்பம். நடுவில் காம்பாக்டிங், பிரிண்டிங் என்று சரக்கு நாலைந்து கை மாறுகிறது.

சரக்கை வாங்கி அப்படியே விற்கும் கடைக்கு எழுதின சாப்ட்வேர் இதற்கு திணறும். எந்தப் பட்டறையில் நம்ம துணி எத்தனை கிலோ நிற்கிறது, எவ்வளவு குறைந்தது என்று அது காட்ட வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு போன சரக்கு 1 வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள். 'இன்னும் திரும்பாதது எது?' என்று கேட்டால் உடனே பட்டியல் வர வேண்டும்.

சம்பளமும் அப்படியே. ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், பேட்லாக்குக்கு ஒரு ரேட், ஸ்டைல் மாறினால் இரண்டும் மாறும். ஷிப்ட் சம்பளக்காரர் வேறு. அட்வான்ஸ், பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வேறு. மாசச் சம்பளம் மட்டும் தெரிந்த சாப்ட்வேர் இங்கே உதவாது.

சட்டம் கேட்பது என்ன?

* இ-இன்வாய்ஸ்: ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். பில் சாப்ட்வேரில் இருந்தே நேராகப் போக வேண்டும்.

* திருத்தப் பதிவு: பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனிகளின் கணக்கு சாப்ட்வேரில், எந்த எண்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் இருந்தே ஆக வேண்டும். அதை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கக் கூடாது. பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் இருந்தால் நல்லது. சம்பளத் தொகையை யாராவது மாற்றினால் மாட்டிக் கொள்வார்.

* 45 நாள் கெடு: பதிவு பெற்ற குறு, சிறு தொழில்காரர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் அந்தச் செலவை பணம் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். 2023-24 நிதியாண்டு முதல் இதுதான் நிலைமை. கெடு வரும் முன்பே சாப்ட்வேர் எச்சரிக்க வேண்டும். பட்டறைக்காரருக்கும் பணம் நேரத்தில் கிடைக்கும்.

டெமோவில் மயங்காதீங்க

விற்க வருபவர் லேப்டாப்பில் காட்டும்போது எல்லாம் அழகாகத்தான் ஓடும். அது அவர் போட்டு வைத்த கணக்கு. நீங்கள் கொடுக்க வேண்டியது உங்கள் கணக்கு.

போன வாரத்து சலான், பீஸ் சீட்டு, அட்வான்ஸ் நோட்டு எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக் கொடுங்க. "இதை ஏற்றி, சனிக்கிழமை கொடுத்த சம்பளம் அப்படியே வருதா காட்டுங்க" என்று கேளுங்க. பக்கத்தில் முதலாளி மட்டும் உட்கார்ந்தால் போதாது. கணக்கர், குடோன்காரர், லைன் சூப்பர்வைசர் மூன்று பேரும் இருக்கணும். தினமும் அதில் வேலை செய்யப் போவது அவர்கள்தான்.

விலையிலும் உஷார் தேவை. சாப்ட்வேர் விலை முதல் செலவுதான். நம்ம வேலைக்கேற்ப மாற்ற, பழைய கணக்கை ஏற்ற, ஆட்களுக்கு சொல்லித் தர, வருஷா வருஷம் பராமரிக்க எல்லாம் தனிப் பணம். மாச வாடகை என்றால் எத்தனை பேர் உபயோகிப்பார்கள் என்று பெருக்கி, 5 வருஷத்துக்கு கூட்டிப் பாருங்க.

நாளைக்கு ஒத்துக்கலை என்று விலகினால் நம்ம கணக்கு முழுவதும் கையில் கிடைக்குமா? இதையும் எழுதி வாங்கிக்கணும்.

சீசனில் மாற்றினால் சிக்கல்

அமெரிக்காவின் பெரிய சாக்லேட் கம்பெனி ஹெர்ஷே. 1999-ல் ஹாலோவீன் பண்டிகை வியாபாரம் வரும் நேரத்தில் புது சாப்ட்வேருக்கு மாறியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் ஆர்டர்படி கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் நிறைவேறாமல் போனது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதி. எனவே தீபாவளி போனஸ் நேரத்திலும், ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் மாற்றவே கூடாது. ஆர்டர் குறைந்த மாசமாகப் பாருங்க. குறைந்தது 2 மாசம் பழையதும் புதுசும் சேர்ந்தே ஓடட்டும். சனிக்கிழமை சம்பளம் இரண்டிலும் ஒன்றாக வந்த பிறகு பழையதை நிறுத்தலாம்.

தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பெனியில் சாப்ட்வேர் மாறுகிறது என்று கேள்விப்பட்டால், அந்த 2 மாசம் நீங்கள் தைத்த பீஸை உங்கள் நோட்டிலும் குறித்து வையுங்க. சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்க. பிடித்த பி.எப். பணம் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று உமங் ஆப்பில் பாஸ்புக்கை பாருங்க. குறைந்தால் அந்த வாரமே கேளுங்க. மாசம் போனால் அந்தக் கணக்கைத் தேடி எடுப்பது யாருக்குமே கஷ்டம்.