படகில் ஏறிய ஆராய்ச்சி: பணம் யாருடையது?

சென்னை பட்டினப்பாக்கத்திலிருந்து விடியலுக்கு முன் கடலில் இறங்கும் ஃபைபர் படகுகளில் வலையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் செல்போனும் போகிறது. அந்தப் போனில் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் ஆகியவற்றைத் தமிழில் சொல்லும் செயலி ஒன்று உண்டு: ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’. உருவாக்கியது தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். துணை நின்றது செல்போன் சிப் வடிவமைக்கும் குவால்காம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கின்றன என்று அடிக்கடி படிக்கிறோம். அது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க இந்தச் செயலி போதும்.

கதை செல்போனுக்கு முந்தையது. 1990-களின் கடைசியில், கனடாவின் ஆராய்ச்சி நிதியுதவியோடு, இதே நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் திறந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை நிலவரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 சுனாமியன்று, அப்படி ஒரு மையம் இருந்த நல்லவாட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரைக் காலிசெய்ய வைத்தது. ஆனால் ஒலிபெருக்கியின் சத்தம் கரையோடு சரி. படகில் இருப்பவரை எட்டுவது எப்படி?

2007-இல் குவால்காமும் டாடா டெலிசர்வீசஸும் இந்த முயற்சியில் சேர்ந்தன. வெறும் தர்மகாரியம் என்று நினைக்க வேண்டாம். சேவை ஓடியது சிடிஎம்ஏ போன்களில். அந்தத் தொழில்நுட்பத்தின் முக்கியக் காப்புரிமைகள் குவால்காமின் சொத்து. இதில் தவறு ஒன்றும் இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் சரி. பிறகு ஆண்ட்ராய்டு வந்ததும் அந்தச் சேவை செயலியாக மாறியது. கடல் தகவல்கள் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையத்திலிருந்து வருகின்றன. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதால், சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் போன் எச்சரிக்கும். பட்டினப்பாக்கத்துக்காரரைவிட ராமேஸ்வரத்துக்காரருக்கு உயிர்நாடியான வசதி இது.

ஆனால் கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் கோபுரம் கைவிட்டுவிடும். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வாடிக்கையாளர் இல்லாத கடலுக்கு எந்தத் தனியார் செல்போன் நிறுவனமும் சிக்னல் அனுப்பாது. அந்த இடைவெளியை நிரப்ப, செயற்கைக்கோள் வழியே தகவல் தரும் ‘ஜெமினி’ கருவியை 2019-இல் கொண்டுவந்தது அரசுதான்.

இனி பணத்துக்கு வருவோம். முதல் வழி: 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி இதில் அடங்கும். ஆனால் சராசரியாக லாபமே இல்லையென்றால் 2 சதவீதம் எங்கிருந்து வரும்? இரண்டாவது வழி உறுதியானது. தொலைபேசி நிறுவனங்கள் லாபமோ நஷ்டமோ, உரிமக் கட்டணத்தின் பகுதியாக வருவாயில் 5 சதவீதத்தை அரசின் பொதுச் சேவை நிதிக்குக் கட்ட வேண்டும். இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதன் வருடாந்திர வசூலில் 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் திட்டம் 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆக, உங்கள் ரீசார்ஜிலும் ஆராய்ச்சிக்கு ஒரு துளி போகிறது.

மூன்றாவது வழி, நிறுவனமும் கல்விக்கூடமும் நேராகக் கைகோப்பது. 2000-களின் பிற்பகுதியில் அரசின் முயற்சியில் ஐஐடி மெட்ராஸுக்கு ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு ஏர்செல் என ஜோடி சேர்த்துத் தொலைத்தொடர்பு ஆய்வு மையங்கள் அமைந்தன. அந்த இரு நிறுவனங்களும் பின்னர் திவால் நடவடிக்கைக்குப் போயின. டாடாவின் மொபைல் சேவையும் 2019-இல் ஏர்டெல்லோடு இணைந்தது.

ஆனால் ஃபிஷர் ஃபிரெண்ட் தப்பியது. காரணம், அதன் சாவி தரமணியில் இருந்தது, எந்த செல்போன் கம்பெனியின் கையிலும் இல்லை. டிஜிட்டல் பாரத் நிதியின் ஆராய்ச்சித் திட்டத்துக்கு இந்தியக் கல்வி நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். சென்னையின் பொறியியல் கல்லூரிகள் விண்ணப்பத்தை எழுதுமுன் ஒருநாள் பட்டினப்பாக்கம் மீனவர்களோடு உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.