கரையேறிய கூட்டமும் கரையேறாத அறிவும்

கரிவலம்வந்தநல்லூரில் வயல் உண்டு, கோயில் உண்டு, கூடையில் வந்து சேரும் கருவாடு உண்டு, கடல் இல்லை! கடலில்லாத ஊரிலே ஓங்கிலைப் பற்றி எழுதுவானேன் என்று படிப்பகத்துத் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கேள்வி கேட்கத்தானே படிப்பகம் வைத்தோம்!

நம் பகுதியிலிருந்து திருச்செந்தூருக்குக் கால்நடையாகச் செல்வோரை அறிவோம். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வண்டி கட்டிச் செல்வோரையும் அறிவோம். அந்தக் கடற்கரையில்தான் நடந்தது இது.

2016, சனவரித் திங்கள் 11ஆம் நாள். பொங்கலுக்கு நான்கு நாட்களே இருந்தன. கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என நீளும் மணற்கரையில் 80க்கும் மேற்பட்ட கரிய பேருடல்கள் வந்து ஒதுங்கின. திமிங்கலம் என்று ஏடுகள் எழுதின. பைலட் திமிங்கலம் என்பதே அதன் பெயர். ஆனால் குடும்பத்தால் அது ஓங்கில் இனம், டால்பினின் உடன்பங்காளி. மீனவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கழுத்தளவு நீரில் இறங்கினர். தோள் கொடுத்துத் தள்ளினர். படகில் கட்டி இழுத்து ஆழத்தில் கொண்டுபோய் விட்டனர். விட்டவற்றுள் பல, வந்த வழியே கரைக்குத் திரும்பின! மீண்டும் தள்ளினர்; மீண்டும் திரும்பின. 45 மாண்டன. இயந்திரம் கொண்டு குழி தோண்டிக் கரையிலேயே புதைத்தார்கள்.

ஏன் திரும்பின? தற்கொலை என்றார் ஒருவர்; கடல் தாயின் கோபம் என்பார் இன்னொருவர். அறிவு போய்ச் சேராத இடத்தில் வதந்தி குடியேறுவதற்கு வாடகையா கேட்பார்கள்?

ஆராய்ச்சியாளர் சொல்வது வேறு. இந்த விலங்கு தனித்து வாழ்வதன்று. தாய்வழிக் கூட்டம் அது. வளர்ந்த பிள்ளைகளும் தாயை விட்டுப் பிரிவதில்லை. பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பல ஆண்டுகள் ஆயுள் உண்டு. பாட்டியாகக் கூட்டத்தோடு இருக்கும். விலங்குலகில் இது அரிதினும் அரிது. அப்படிப்பட்ட கூட்டத்தில் நோயுற்றதோ வழிதவறியதோ ஒன்று கரையில் கிடந்து குரல் கொடுத்தால், மற்றவை அதை விட்டுப் போவதில்லை. நாம் நடுக்கடலில் கொண்டுபோய் விட்ட மகன், கரையில் கிடக்கும் தாயிடம் திரும்பி வருகிறான். இது தற்கொலையா, தோழர்களே?

வழி தவறுவதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். கலங்கிய நீரிலும் கும்மிருட்டிலும் ஓங்கிலுக்கு ஒலிதான் கண். தலைக்குள் ஒலியை எழுப்பி, நெற்றியில் உள்ள கொழுப்புத் திரளால் அதைக் குவித்து முன்னே அனுப்புகிறது. எதிரொலியை வாங்குவது கீழ்த்தாடை! பாறையென்றால் பளிச்சென்று எதிரொலிக்கும். மெல்லச் சரியும் மணற்கரையோ ஒலியைச் சரிவரத் திருப்பித் தருவதில்லை. முன்னே கரை இருப்பதே தெரியாமல் வந்து சிக்குகிறது.

ஒலியைப் பற்றி இன்னொன்று. புட்டிமூக்கு ஓங்கில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீழ்க்கையை இளமையிலேயே அமைத்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் அந்தச் சீழ்க்கையைப் போலவே செய்து நீருக்குள் ஒலிக்கவிட்டனர். உரிய ஓங்கில் மட்டும் "இதோ!" என்பதுபோல் மறுமொழி கொடுத்தது, 2013இல் முடிவு வெளியாயிற்று. பெயர் வைத்துக்கொள்ளும் விலங்கு! அதை வளையத்துக்குள் குதிக்கவிட்டுக் காசு பார்க்கும் கூடங்களுக்கு இந்திய அரசு அதே 2013இல் தடை விதித்தது. நல்ல காரியம்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். 2016இல் நடந்தது புதிதன்று. 1973 சனவரியிலும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் இதே இனம் ஒதுங்கியது, எண்ணிக்கை 147. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஓடிவந்து பார்த்தனர், அளந்தனர், எழுதினர். அவர்கள் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எழுதியது எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! வெளிவந்தது எங்கே? ஆராய்ச்சி இதழில்! 147 உயிர் ஒதுங்கிய கரையில் வாழ்பவன் வீட்டுக்கு அந்த இதழா போய்ச் சேரும்? 43 ஆண்டு கழித்து அவன் பிள்ளை அதே நீரில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்க நின்றான். அவனிடம் ஈரம் இருந்தது; வலிவு இருந்தது; செய்தி மட்டும் இல்லை.

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கேயும் பைலட் திமிங்கலம் ஒதுங்கும். 2017 பிப்ரவரியில் ஒரே வேளையில் 400க்கும் மேல் ஒதுங்கின. 1974இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஜோனா' என்னும் அமைப்பு அங்கே பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. பட்டம் கேட்பதில்லை. ஒரு நாள் பயிற்சி, அவ்வளவே.

பிரேசிலின் லகூனாவில் ஓங்கிலோடு கூட்டுச் சேர்ந்தே மீன் பிடிக்கிறார்கள். ஓங்கில் மீனை விரட்டி வந்து சைகை காட்டும். மீனவன் வலை வீசுவான். எந்த ஓங்கில் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். விஞ்ஞானிகள் அவனிடம் கேட்டுத்தான் படித்தார்கள். பாட்டாளியின் கண்ணும் ஆராய்ச்சிக் கருவியே!

நம் மீனவனுக்குச் சொல்லப்படுவது என்ன? ஓங்கில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை என்று சொல்லப்படுகிறது. சட்டம் தேவைதான். ஆனால் தண்டனை மட்டும் தமிழில், ஆராய்ச்சி மட்டும் ஆங்கிலத்தில் என்பது என்ன நியாயம்?

ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். வாலைப் பிடித்து இழுக்காதே; எலும்பு பிசகும். வயிறு கீழாக நிமிர்த்தி வை. உச்சந்தலை மூச்சுத்துளையில் மணலும் நீரும் புகாமல் பார்; அதுவும் நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பே வெயிலில் அதை வேகவைத்துவிடும். ஒவ்வொன்றாகக் கடலில் விடாதே. ஆழமில்லா நீரில் ஒன்று சேர்த்து நிறுத்தி, கூட்டமாக விடு. வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே ஆள் அனுப்பு. இதை அச்சிட எத்தனை ரூபாய் ஆகும்? மணப்பாட்டிலிருந்து வேம்பார் வரை ஒவ்வொரு மீன் ஏலக்கூடத்துச் சுவரிலும் ஒட்ட எத்தனை நாள் ஆகும்? 1973ஆம் ஆண்டு அறிக்கையைத் தமிழில் பெயர்த்துக் கரையோரப் பள்ளிகளுக்கு அனுப்ப எந்தத் தடை நிற்கிறது? மீன்வளத்துறையும் ஆராய்ச்சி நிலையமும் பதில் சொல்லட்டும்.