நாயகன் மறைந்தபின் கதை நிலைக்குமா?

கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இருளில் ஒரு பெருங்குரல் எழுந்து ஓய்கிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது சோழநாட்டின் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிரற்றுக் கிடக்கிறான். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை அன்று படித்தவர்களும், பின்னர் நூலாகப் படித்தவர்களும், அண்மையில் திரையில் கண்டவர்களும் மறக்கவியலாத கட்டம் இது.

முதன்மைப் பாத்திரம் ஒன்றைக் கொன்றுவிடுவது ஒரு நெடுந்தொடருக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? மிகுபுனைவுத் தொடர்களைப் படிக்கும் இன்றைய இளைஞர்களும், அவர்களுடைய பாட்டன் பாட்டியரும் ஒன்றாக அமர்ந்து விவாதிக்கக்கூடிய கேள்வி இது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு இதில் தனி உரிமையும் உண்டு. கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மனே பின்னாளில் முதலாம் இராசராசன். அவனுடைய மகன் இராசேந்திரனின் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் ‘மாநக்கவாரம்’ என்று குறிக்கப்படுவது நிக்கோபாரே ஆகும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டபோதும் சோழர் கடற்படையோடு இத்தீவுகளுக்கு இருந்த தொடர்பு நினைவுகூரப்பட்டது.

கரிகாலன் கொலையுண்டது வரலாறு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, கொலைக்குக் காரணமான துரோகிகளின் பெயர்களைக் கூறுகிறது. அவர்களும் அவர்தம் உறவினரும் உடைமை இழந்த செய்தியையும் தெரிவிக்கிறது. ஆகவே அந்தச் சாவைத் தவிர்க்கும் உரிமை கல்கிக்கு இருக்கவில்லை. அதை எப்போது, எவ்வாறு நிகழ்த்துவது, அதன்பின் கதையை எங்கே கொண்டுசெல்வது என்பவையே அவர் கையில் இருந்தன.

அவர் செய்தவை மூன்று. முதலாவதாக, கரிகாலனை விரைவில் கொல்லவில்லை. அவனுடைய வீரம், முன்கோபம், வீரபாண்டியனைக் கொன்ற நாள் முதல் அவனை வாட்டும் குற்றவுணர்வு ஆகியவற்றை வாசகர் முழுமையாக அறிந்தபின்னரே கடம்பூருக்கு அழைத்துச் செல்கிறார். இரண்டாவதாக, கொலையாளி யார் என்பதை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லவில்லை. மணிமேகலை, தானே கொன்றதாகச் சொல்லிக்கொள்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். மூன்றாவதாக, அந்த ஒரு சாவு ஏனைய அனைவரையும் மாற்றிவிடுகிறது. வந்தியத்தேவன் கொலைப்பழி சுமந்து பாதாளச் சிறையில் அடைபடுகிறான். பழுவேட்டரையர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்கிறார். அறிவு தடுமாறிய மணிமேகலையின் மரணத்தோடு நாவலே முடிகிறது.

அதற்கும் மேலாக, அரியணை யாருக்கு என்ற வழக்கு கூர்மை அடைகிறது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் திடீரென மறைந்தபின் எழும் உரிமைக் கேள்விகளை வங்கி முகப்பில் நாள்தோறும் காணும் நமக்கு இது புதிதன்று. மறைந்தவரின் நாற்காலி வெறுமையாக இருக்க, இருப்போர் ஒவ்வொருவரின் உண்மைக் குணமும் அப்போதுதான் வெளிப்படுகிறது. அருள்மொழிவர்மனின் தியாகம் வெளிப்பட்டதும் அப்படித்தான். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால், தம்பி துறப்பதற்கு மகுடமே இருந்திராது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்று ஆங்கில இலக்கியத்தில் உண்டு. ஆர்தர் கானன் டாயில், தாம் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை 1893-இல் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் வீழ்த்தினார். கதைக்கு அந்தச் சாவு தேவைப்படவில்லை. களைப்புற்றிருந்த ஆசிரியருக்கே அது தேவைப்பட்டது. வேறு வகை நூல்களை, குறிப்பாக வரலாற்று நாவல்களை, எழுத அவர் விரும்பினார். வாசகர் சினமுற்றனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1903-இல், ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று விளக்கம் கூறி அவரைத் திரும்ப அழைத்துவர நேர்ந்தது. வாசகருக்கு மகிழ்ச்சிதான், ஆயினும் அந்த மரணம் பொருளற்றுப் போயிற்று.

அதே டாயில் 1890-இல் எழுதிய ‘நால்வர் சின்னம்’ என்னும் ஹோம்ஸ் நாவலில் அந்தமான் தீவுவாசி ஒருவர் வருகிறார். டோங்கா என்ற அந்தப் பாத்திரம் ஊதுகுழலால் நச்சு முள் எய்து கொலை செய்வதாகவும், இறுதியில் தேம்ஸ் ஆற்றில் சுட்டு வீழ்த்தப்படுவதாகவும் கதை செல்கிறது. அந்தமான் தொல்குடிகளின் படைக்கலம் வில்லும் அம்பும், ஊதுகுழல் அன்று. அவரை மனிதராக அறிந்துகொள்ள நாவல் முயலவே இல்லை. அதனால் அவருடைய சாவுக்காக எவரும் ஒரு கணமும் நிற்பதில்லை. கதைக்குள் முழுமையாக வாழவிடப்படாத ஒருவரின் இறப்பு வாசகரைத் தொடுவதில்லை என்பதற்கு இத்தீவுகளின் பெயரால் கிடைத்த கசப்பான சான்று இது.

இன்றைய மிகுபுனைவுத் தொடர்களுக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ நிறைவுற்ற அதே 1954-இல் டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ வெளிவரத் தொடங்கியது. அதில் வழிகாட்டியான முதிய மந்திரவாதி காண்டால்ஃப் ஆழத்தில் வீழ்ந்து மறைகிறார், பின்னர் மீள்கிறார். ஆனால் அவர் இல்லாத நாட்களில் தோழர் கூட்டம் சிதறி, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைத் தாமே சுமக்கக் கற்றுவிடுகின்றனர். அவரும் பழைய மனிதராக மீளவில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் வெளியிட்ட தம் தொடரின் முதல் நூலிலேயே, நாயகன் என்று வாசகர் நம்பியிருந்த எட்டார்ட் ஸ்டார்க்கின் தலையை வீழ்த்தினார். நேர்மையாளர் காப்பாற்றப்படுவார் என்ற வழக்கமான உறுதி அங்கே உடைகிறது. ஹாரி பாட்டர் தொடரின் ஆறாம் நூலில், 2005-இல், டம்பிள்டோர் இறந்தபின்தான் சிறுவன் தனியாக நிற்க வேண்டியவன் ஆனான்.

இவற்றின் வெற்றியைக் கண்டு, அதிர்ச்சிக்காகவே கொல்லும் வழக்கமும் பெருகியிருக்கிறது. இதில் இரு தீங்குகள் உள்ளன. அடிக்கடி கொன்றால், வாசகர் யாரிடமும் அன்பு வைக்க அஞ்சுவர். வைப்பு முறியும் என்று தெரிந்தால் யார் சேமிக்க முன்வருவர்? கொன்றவரை அடிக்கடி உயிர்ப்பித்தால், அடுத்த சாவுக்குக் கண்ணீர் வராது.

மறுதரப்பின் வாதத்தையும் நாம் புறந்தள்ளலாகாது. பல ஆண்டுகள் தொடரும் கதை ஒரு துணை. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்புவோர், பழகிய முகம் ஒன்றை அங்கே காண விரும்புகின்றனர். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த தீவுக் குடும்பங்களிடம், ‘சாவுதான் கதைக்கு ஆழம் தரும்’ என்று பாடம் நடத்த எவருக்கும் உரிமையில்லை. வாழ்க்கை தந்த இழப்பே போதும், கதையிலாவது நல்லவர் பிழைக்கட்டும் என்று ஒருவர் கேட்டால், அது குழந்தைத்தனம் ஆகாது.

ஆயினும் நம் மரபு வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. எழுத்தாளர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதிய ‘வெண்முரசு’, மகாபாரதத்தை மீண்டும் சொல்கிறது. பீஷ்மர், அபிமன்யு, கர்ணன் ஆகியோர் மடிவார்கள் என்பது முதல் பக்கத்தைத் திறக்குமுன்பே வாசகருக்குத் தெரியும். அங்கே அதிர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் ஈர்ப்பு குறைவதில்லை. கூத்துக் களத்தில் அபிமன்யு வதத்தை ஆண்டுதோறும் கண்டு ஆண்டுதோறும் அழும் கிராமத்து மக்களும் இதை அறிவர். வாசகரைப் பிடித்து நிறுத்துவது மரணத்தின் திடீர்த்தன்மை அன்று, அதன் தகுதியே என்பது இதனால் தெளிவாகும்.

இத்தீவுகளின் தொல்குடிக் கதைகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில், தீ திருடப்பட்ட கதையும் ஊழிக் கதைகளும் பதிவாகியுள்ளன. அவற்றில் பேரழிவுக்கு ஆளான முன்னோர் அழிந்தே போய்விடுவதில்லை. பறவைகளாகவும் மீன்களாகவும் மாறிவிடுகின்றனர். கதை கேட்ட சிறுவன் மறுநாள் காலை கரையோரம் ஒரு பறவையைக் கண்டால், அது அவன் கதையில் கேட்ட முன்னோரில் ஒருவர். பாத்திரம் மறைந்தாலும் அதன் சுவடு கேட்பவரின் உலகில் நிலைத்துவிடுகிறது.

கொல்வது நன்றா என்ற கேள்விக்கு விடையும் அங்கேயே இருக்கிறது. மறைவதற்கு முன் அந்தப் பாத்திரம் நிறைவாக வாழ்ந்ததா? மறைவு கதைக்குள்ளிருந்தே பிறந்ததா? மறைந்தபின் எஞ்சியோரிடம் அதன் சுவடு இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், அந்தச் சாவு தொடரை வாழவைக்கும். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால், ஆசிரியர் தம் நாயகனை வீணாக இழந்தார் என்றே கொள்ளலாம்.

கதைகளுக்கு இதைவிடப் பெரிய சாவு ஒன்று உண்டு. ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 சனவரியில் அந்தமானில் காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்தமையால் அவருடைய குரல் எஞ்சியிருக்கிறது. ஆனால் அம்மொழியில் மறுமொழி கூற இன்று எவரும் இல்லை. நாயகன் இறந்தாலும் சொல்பவரும் கேட்பவரும் இருக்கும்வரை கதைக்கு அழிவில்லை. ஆதலால் இந்த விடுமுறையில் உங்கள் இல்லத்து முதியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, அவருக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லக் கேளுங்கள். அதில் யார் பிழைக்கிறார், யார் மடிகிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.