கரையோரக் கிணறும் கண்ணுக்குப் புலனாகா உலோகமும்

கிணற்று நீர் நல்லதோ கெட்டதோ என்று தேர்வதற்கு நம் முன்னோர் மூன்று சோதனைகளை வைத்திருந்தனர்: நிறம், வாசனை, சுவை. ஒளுச் செய்யத் தகுந்த நீர் எது என வகுத்த மார்க்க அறிஞர்களும் இம்மூன்றையே அளவுகோலாகக் கொண்டனர். மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையூர்களில் இன்றும், புதிய வளவொன்றில் கிணறு தோண்டியதும், வீட்டிலுள்ள மூத்தவர் ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து, ஒரு மிடறு வாயிலிட்ட பின்னரே அதற்கு நற்சான்று வழங்குவார். நேயர்களே, இம்மூன்று சோதனைகளுக்கும் அகப்படாத ஒரு பொருளைப் பற்றியே இப்போது பேச விரும்புகிறேன்.

முதலில், நம் கிணறுகளில் நீர் எங்ஙனம் வந்து சேர்கிறது என்பதை அறிதல் வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்கள் கடலோர மணற்பரப்பின்மேல் வரிசையாக அமைந்தவை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே வயலும் சதுப்பும். வடமேற்கே, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. வடகீழ்ப் பருவத்தில் பெய்யும் மழை இம்மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போல என்று சொல்லலாம். ஆயினும் இங்கே இரண்டும் நீரே. கடல் நீர் சற்றுக் கனமானது, மழை நீர் சற்று இலேசானது, வேறுபாடு அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குக: மேலே ஓரடி நீரை இறைத்து வற்றச் செய்தால், கீழேயிருந்து நாற்பதடி உப்பு நீர் ஏறி வரக் காத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது இந்த உண்மையைப் பெருந்துயரத்தினூடே கற்றோம். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. உயிர் தப்பியோருக்குக் குடிக்க நீரில்லை. கிணறுகளெல்லாம் உவர்ந்து போயின. உதவ வந்தோர் நல்ல மனத்துடன் இயந்திரங்களை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். இறைக்க இறைக்கச் சில கிணறுகளில் உப்புக் குறையாமல் கூடியது. அடிநீர் மேலேறியதே காரணம். கிழக்குக் கரையில் பின்னர் நடந்த ஆய்வுகள், கிணறுகளை மீட்டதில் பெரும்பங்கு பருவமழைக்கே உரியது என்று காட்டின. ஒருமுறை சேற்றையும் குப்பையையும் அகற்றிவிட்டு, மழைக்குப் பொறுத்திருப்பதே தக்க வழியாயிருந்தது.

உப்பு தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும் பகைவன். நாவில் பட்டதும் தெரியும், மழை பெய்தால் விலகும். பார உலோகங்கள் எனப்படும் ஈயம், கட்மியம், பாதரசம், குரோமியம் முதலியவற்றின் இயல்போ இதற்கு மாறானது. அவை நிறத்தை மாற்றா, மணம் வீசா, தீங்கு செய்யும் அளவிலும் சுவையில் வேறுபாடு காட்டா. அழுகி மறைவதும் இல்லை. இறந்த மீனும் வாழைமட்டையும் நுண்ணுயிர்களால் சிதைந்து மண்ணாகும். ஈயம் ஈயமாகவே இருக்கும்.

எவ்வளவு ஈயம் தீங்கானது? உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமை எல்லையாகக் குறித்துள்ளது. கட்மியத்துக்கு 3, பாதரசத்துக்கு 6. மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வேறு விதமாகச் சொன்னால், ஒரேயொரு கிராம் ஈயம் முழுமையாகக் கரைந்தால், ஓர் இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். நம் வளவுக் கிணறுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவற்றின் நீர் அது. ஒரு மோட்டார் வண்டிப் பற்றரியினுள் இருப்பதோ பல கிலோகிராம் ஈயம். அத்தனையும் நீரில் கரைந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் உடைந்த பற்றரியை வளவின் மூலையில் போட்டு, அதன் அமிலம் மணலில் ஊறவிட்டால், கரைவதற்கு வேண்டிய வசதியை நாமே செய்து கொடுத்தவர்களாவோம். வலைக்குக் குண்டு வார்ப்பதற்காகப் பழைய பற்றரி ஈயத்தை அடுப்படியில் உருக்குவது அதனினும் கொடிது. அந்தத் தூளும் புகையும் நீர் வழியாக வரக் காத்திருப்பதில்லை. தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் நேரே சென்றுவிடும். குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை.

ஊருக்கு வெளியிலிருந்தும் இவை வருகின்றன. பொசுபேற்று உரங்களில் சிறிதளவு கட்மியம் இயல்பாகவே கலந்திருக்கும். கல்லோயாத் திட்டத்தின் வயல்களில் ஆண்டுதோறும் இடும் உரத்தின் எச்சம் வடிகால்கள் வழியே தாழ்நிலத்துக்கு இறங்கும். சாயத் தொழிலில் பயன்படும் சில சாயங்களில் குரோமியமும் செம்பும் உள்ளன. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனைக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. சாய நீரின் நிறத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியது நிறம் மங்கிய பின்னும் எஞ்சி நிற்பதற்கே. இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வீதியோர மண்ணில் படிந்த ஈயமோ எங்கும் போய்விடவில்லை.

இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியது குப்பை. பற்றரிக் கலங்கள், மின்குமிழ்கள், வர்ணத் தகரங்கள், பழுதான மின்கருவிகள் யாவும் மீன் தலையோடும் தேங்காய் மட்டையோடும் ஒரே பையில் கட்டப்படுகின்றன. அழுகும் பொருளிலிருந்து அமிலத் தன்மையுள்ள கசிவு பிறந்து, பக்கத்திலுள்ள உலோகத்தைக் கரைக்கிறது. சாய்ந்தமருதுத் தோணாவில் வீசப்படும் பையும் இவ்வாறே தன் வேலையைச் செய்கிறது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், அயலூர்களின் குப்பை கொட்டப்படும் இடத்தில் பிளாஸ்ரிக்கைத் தின்று யானைகள் மடிந்த செய்தியை 2022 ஜனவரியில் உலகமே கேட்டது. யானை விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அதே குவியலின் அடியில் ஊறும் கசிவை எவரும் படம் பிடிப்பதில்லை.

இனி, ஆய்வாளர் இதனை எவ்வாறு கண்டறிகின்றனர் என்று பார்ப்போம். அவுஸ்திரேலிய விஞ்ஞானி அலன் வோல்ஷ் 1955 இல் வெளியிட்ட அணு உறிஞ்சல் முறை இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. மாதிரி நீரைச் சுடரினுள் தெளித்து, எந்த உலோகத்தைத் தேடுகிறோமோ அதே உலோகத்தாலான விளக்கின் ஒளியை அச்சுடரினூடே செலுத்துவர். நீரில் ஈயம் இருந்தால், ஈய விளக்கின் ஒளியை அது விழுங்கும்; விழுங்கிய அளவே ஈயத்தின் அளவு.

கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், எதை அளப்பது என்பதில் தவறினால் பயனில்லை. வாவியின் நீரை மட்டும் அள்ளிச் சோதித்து, ‘ஒன்றுமில்லை’ என்று மகிழ்வது பொருந்தாது. ஆற்று நீர் உவர் நீரைச் சந்திக்கும் இடத்தில் நுண்களிமண் திரண்டு அடியில் படியும். உலோகத்தின் பெரும்பகுதி அதனோடு ஒட்டிச் சேற்றில் தங்கும். கட்மியம் மட்டும் எதிர்மாறாக, உப்பின் குளோரைட்டுடன் இணைந்து களியை விட்டு நீருக்குத் திரும்பக் கூடியது. ஆதலின் சேறு, நீர், உயிரினம் ஆகிய மூன்றையும், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தாலன்றி முழு உண்மை வெளிப்படாது. வாவிச் சேற்றைக் குழாயால் செங்குத்தாக எடுத்தால், அது ஒரு நாட்குறிப்பாகும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் மிகுதியாகப் படிந்த 1963 ஐ ஒட்டிய படையும், 2004 இன் கடல் மணல் நுழைந்த இடங்களில் அம்மணற்படையும், தேதியிட்ட ஏடுகளாக நிற்கும்.

மற்றொரு தவறும் உண்டு. கடற்கரையில் அலை ஒதுக்கும் கரிய கோடுகளைக் கண்டு மாசு என மருள்வோர் உளர். அவை பெரும்பாலும் இல்மனைற்று முதலிய கனிய மணல். புல்மோட்டையில் தோண்டி எடுக்கப்படும் பொருளும் அதுவே. அத்தகைய மணலில் இரும்பும் தைத்தேனியமும் மிகுந்திருப்பது இயற்கை. இயற்கை அளவு எவ்வளவு என்று அறியாமல் மனிதன் சேர்த்த அளவைக் கூற முடியாது. நல்ல ஆய்வு முதலில் இதைத்தான் பிரித்துக் காட்டும்.

உயிரினத்தின் பாடத்தை உலகுக்குக் கற்பித்தது ஜப்பான். 1956 இல் மினமாட்டா விரிகுடாவில் கை கால் நடுங்கும் நோய் வெளிப்பட்டது. தொழிற்சாலையொன்று கடலில் விட்ட பாதரசம் மீனில் செறிந்து, மீன் உண்ட மக்களைத் தாக்கியிருந்தது. அந்நாட்டின் ஜின்சு ஆற்றங்கரையிலோ கட்மியம் வயலில் ஏறி, சோற்றின் வழியே எலும்புகளை நொறுக்கியது. மீனும் சோறும் உண்டு வாழும் நமக்கு இவை வெறும் அயல்நாட்டுச் செய்திகளல்ல. ஆயினும் மீனை அஞ்சி விலக்க வேண்டியதில்லை. பாதரசம் படிப்படியாகச் செறிவது சுறா, தளபத்து போன்ற, பிற மீனைத் தின்று நெடுநாள் வாழும் பெருமீன்களில். நம் சந்தையின் சூடையும் கீரியும் நெத்தலியும் குறுகிய ஆயுளுடையவை, அவற்றில் அது மிகக் குறைவே. கருவுற்ற பெண்கள் பெருமீனைக் குறைத்துச் சிறுமீனை விரும்புவது நன்று.

‘நீரைக் கொதிக்க வைத்தால் போதாதோ?’ என்று கேட்பவர் பலர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உலோகம் சாகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குளோரினும் இதற்கு உதவாது. துணியில் வடிப்பதும் உதவாது. குப்பைமேட்டுக்கோ பற்றரி வேலைத்தலத்துக்கோ அண்மையில் கிணறு இருந்தால், அதைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை குடிப்பதற்குக் குழாய் நீரைக் கொள்க. சோதனைக்கு நீர் எடுப்பதிலும் முறை உண்டு. ஆய்வுகூடத்தில் அமிலத்தால் கழுவித் தரும் போத்தலையே பயன்படுத்துதல் வேண்டும். வீட்டுச் சோடாப் போத்தல் ஆகாது. உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, மாதிரியில் சில துளி நைத்திரிக்கமிலம் சேர்ப்பர். அதனை ஆய்வுகூடத்தாரே செய்யட்டும். வாளியால் சில முறை இறைத்து ஊற்றிய பின், அடிச்சேறு கலங்காமல் எடுத்து, எடுத்த நாளையும், கடைசியாக மழை பெய்த நாளையும், கிணற்றுக்கும் குப்பைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் ஒரு தாளில் எழுதிப் போத்தலோடு கொடுக்க வேண்டும்.