முதுகில் ஸ்க்ரூ வைக்கும் முன் எலும்பைப் பார்த்தார்களா?

முதுகெலும்பு நழுவியிருக்கிறது, ஸ்க்ரூவும் ராடும் வைத்து இணைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அடுத்த நாளே இ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை என்று வரிசையாகச் சோதனைகள் தொடங்கிவிடும். ஆனால் அந்த ஸ்க்ரூவைத் தாங்கும் வலு எலும்புக்கு இருக்கிறதா என்ற சோதனை பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது. மாதவிடாய் நின்ற பெண்களும், வயதான ஆண்களும், ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் இதைத் தாங்களே கேட்க வேண்டும்.

பொடிப்பொடியாக உதிரும் சுவரில் ஆணி நிற்காது. எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ தளரும், இரு முள்ளெலும்புகளுக்கு இடையில் தாங்கலாக வைத்த கேஜ் எலும்புக்குள் புதையும். இணைத்த இடத்துக்கு மேலுள்ள எலும்பு நொறுங்கிக் கூன் விழுவதும் உண்டு. அப்புறம் இன்னொரு அறுவை, முதலாவதைவிடக் கடினமானது. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே என்று நினைக்க வேண்டாம். அது நரம்பையும் ஜவ்வையும் காட்டும், எலும்பின் அடர்த்தியை அளக்காது.

அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். ரிப்போர்ட்டில் 'டி ஸ்கோர்' என்றொரு எண் இருக்கும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகில் தேய்மானம் உள்ளவர்களுக்கு எலும்பு ஓரங்களில் முள் வளர்ந்திருக்கும். டெக்ஸா அதையும் சேர்த்து அளந்து, எலும்பு நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே இடுப்பு மூட்டையும், தேவைப்பட்டால் முன்கையையும் அளக்கச் சொல்லுங்கள். அறுவைக்காக ஏற்கெனவே சி.டி. எடுத்திருந்தால் கூடுதல் செலவே இல்லை. இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பில், சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு 110-க்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ரேடியாலஜிஸ்ட் அதே படத்திலிருந்து இதைச் சொல்லிவிடுவார்.

கூடவே ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு. வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் இது சாதாரணம். வாரம் ஒன்றாகத் தரும் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். சிகரெட்டையும் பீடியையும் சில வாரங்கள் முன்பே விட வேண்டும், எலும்பு ஒட்டுவதை நிக்கோடின் தடுக்கிறது.

எலும்பு மெலிந்திருப்பது உறுதியானால் மருந்து இருக்கிறது. புது எலும்பை வளர்க்கும் டெரிபாராடைட், இன்சுலின் போலப் பேனா ஊசியாக வருகிறது. தினமும் 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ தானே போட்டுக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். முதல் சில நாள் தலை சுற்றலாம் என்பதால் உட்கார்ந்துகொண்டு போடுவது நல்லது. அறுவைக்குச் சில மாதம் முன்பே தொடங்கிப் பின்னும் தொடர்வார்கள். எலும்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த ஊசி அவர்களுக்கு ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் ஆபத்து உண்டு.

இந்த மருந்துக்காக அறுவையை மூன்று மாதம் தள்ளிப்போட வலி விடுமா என்று கேட்பீர்கள். திட்டமிட்ட அறுவைகளில் பலவும் அந்த அளவு காத்திருக்கக் கூடியவை. சிறுநீர் அடைத்துக்கொண்டால், தெரியாமல் கசிந்தால், மலவாயைச் சுற்றி மரத்துப்போனால், கால் வேகமாக வலுவிழந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

கேட்பது உங்கள் உரிமை. அறுவையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்மிஷன் மேசையில் நீட்டும் பாரத்தில் கையெழுத்திடும் முன், "என் டி ஸ்கோர் எவ்வளவு, ஸ்க்ரூ தளர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் தடையில்லை. சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

ஸ்க்ரூ தளர்ந்தாலே அது அலட்சியம் ஆகிவிடாது. கவனமான மருத்துவரிடமும் அது நடக்கும். சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அதற்குக் காலக்கெடு 2 ஆண்டுகள். ஸ்கேன் பிலிம், சம்மதப் பாரத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.