கணினிக் குறிப்பேடும் கடைக் கடிகாரமும்
கடன் சரக்கு எப்போது போனது, லாரி எத்தனை மணிக்கு வந்தது என்ற தகராறு நம் கடைகளில் தீராதது. கணினி வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு விண்டோஸில் உள்ள 'நோட்பேட்' போதும் என்பது எங்கள் யோசனை. எஃப்5 விசையை அழுத்தினால் மணியும் தேதியும் விழும். முதல் வரியில் ஒரு புள்ளி, அதை ஒட்டி ஆங்கிலப் பெரிய எழுத்தில் எல், ஓ, ஜி அடித்துச் சேமித்தால், திறக்கும்போதெல்லாம் கடைசியில் நேரம் தானே பதிவாகும்.

ஆனால் நோட்பேடுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. அதுவும் கணினியில் ஓடும் பில் மென்பொருளும் பொதுவாகப் பார்ப்பது கணினியின் ஒரே கடிகாரத்தைத்தான். மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்டுவது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சி.ஆர். 2032. அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போகும். பில்லிலும் அதுவே அச்சாகிவிடும்.

கல்லாவில் ஒன்று, கிடங்கில் ஒன்று என்றால் கடிகாரமும் இரண்டு. ஐந்து நிமிடம் வேறுபட்டாலே, சரக்கு போன பிறகு பில் போட்டதாகத் தெரியும். இரண்டிலும் இணையம் வழி நேரம் சரிசெய்யும் வசதியை இயக்கி வைப்போம்.

நோட்பேட் குறிப்பை யாரும் திருத்தலாம். கையெழுத்து வாங்கும் டெலிவரி நோட்டை நிறுத்த வேண்டாம்.