எங்கள் காலுக்கு எட்டும் சைக்கிள்

பாவித்த சைக்கிள் ஒன்றை வாங்குவதும் விற்பதும் என்ன பெரிய விடயம், அதற்கும் ஒரு கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று சைக்கிள்களோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால், அடுத்ததாகச் சைக்கிள் எடுக்கப் போகும் ஒரு சகோதரிக்காவது உதவும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, என் கணவரின் சைக்கிள். 2006 ஓகஸ்ட் மாதம் ஏ9 பாதை மூடப்பட்டபோது நாங்கள் வன்னியில் இருந்தோம். சைக்கிள் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் நின்றது. 2009 மே மாதத்துக்குப் பின் அவரைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் இல்லை. 2010இல் முகாமிலிருந்து பரந்தனுக்குத் திரும்பியபோது மாமி எங்களோடு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்தவை ஒரு றங்குப்பெட்டியும் அந்தச் சைக்கிளும்தான்.

அது 28 அங்குலச் சில்லும் 22 அங்குலப் பிறேமும் கொண்ட, பார் வைத்த பெரிய ஆம்பிளைச் சைக்கிள். என் உயரம் 4 அடி 11 அங்குலம். சீற்றில் இருந்தால் கால் நிலத்துக்கு எட்டாது. பாருக்கு மேலாக நிற்கவும் முடியாது. ஆனாலும் வேறு வழியில்லாமல் மகளைக் கரியரில் வைத்து ஓடினேன். ஒருநாள் நாய் குறுக்கே வர, பிறேக் பிடித்துக் கால் ஊன்ற முடியாமல் இருவரும் விழுந்தோம். பிள்ளைக்குச் சிராய்ப்பு, எனக்கு முழங்கை முறிந்தது. அதன்பின் சைக்கிள் விறாந்தையில்தான் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மாமி அதைத் துடைத்து வைப்பார். அதை விற்பது பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவதை 2013இல் 6,500 ரூபாவுக்கு வாங்கினேன். சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. "நீங்கள் சின்ன ஆள்தானே அக்கா, இது உங்களுக்குக் காணும்" என்றார் விற்றவர். உண்மையில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடும் அளவு. சீற்றை எவ்வளவு உயர்த்தினாலும் முழங்கால் மடிந்தபடியேதான் உழக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கியது. ஒருநாள் சீற்றின் கீழிருந்த பொருத்து விட்டுப் போனது. திருத்தக் கொண்டுபோனபோது சைக்கிள் கடை அண்ணை சுரண்டிக் காட்டினார். பழைய வெடிப்பை ஒட்டிவிட்டு மேலே புதுத் தீந்தை பூசியிருந்தார்கள். கடைசியில் அதைப் பழைய இரும்பு நிறைக்கு விற்றேன்.

பெரியதால் விழுந்தேன், சிறியதால் முழங்கால் நொந்தது. "சைக்கிள் எனக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிட்டேன். பிழை என்னில் இல்லை, அளவில்தான் என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு வந்தது 2022. எரிபொருள் வரிசைகள் நீண்டன, பஸ்கள் குறைந்தன. தையல் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றர். தைத்த உடுப்புக் கட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த நாட்களில் சைக்கிளுக்கு வந்த மதிப்பு உங்களுக்குத் தெரியும். படலையில் நின்று, "அக்கா, அந்தப் பழைய சைக்கிளைக் குடுக்கிறியளோ?" என்று கேட்காத ஆளில்லை. நான் இல்லை என்று தலையாட்டுவேன். மாமி உள்ளே போய்விடுவார்.

ஓர் இரவு நான் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாமிதான் கதையைத் தொடங்கினார்.

"பிள்ளை, அதை வித்துப்போட்டு உனக்குக் காலெட்டுற ஒண்டை எடு."

"அவர் வந்து கேட்டால், மாமி?"

"வந்தால் நான் சொல்லுறன். உன்ர பிள்ளையைப் படிப்பிக்கத்தான் வித்தனாங்கள் எண்டு சொல்லுறன். ஒரு சைக்கிளுக்காக அவன் எங்களோட கோவிக்க மாட்டான்."

அவர் வரமாட்டார் என்று மாமி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சைக்கிளை விற்பதற்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இவ்வளவு காலமும் இந்த இரண்டையும் நாங்கள் ஒன்றாக முடிந்து வைத்திருந்தோம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

விற்றபோது கற்றவை

முதலில் வந்தவர் 12,000 ரூபாவுக்குக் கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றார் கடை அண்ணை. புதுத் தீந்தை பூச வேண்டாம், பூசினால் வாங்குபவருக்குச் சந்தேகம்தான் வரும், துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வைத்தால் போதும் என்றார். பின்சில்லு கொஞ்சம் கோணல், பிறேக் கட்டை தேய்ந்துவிட்டது என்ற குறைகளை நானே முதலில் சொன்னேன். குறையைச் சொன்னால் விலை விழும் என்று பயந்தேன். ஆனால் வந்த மேசன் தம்பி, "குறையைச் சொல்லி விக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். ஆள் நல்ல உயரம். ஏறி இருந்ததும் அவருடைய கால் அழகாக நிலத்தில் ஊன்றியது. கோயிலடி மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து 27,000 ரூபா தந்தார்.

பிறேமில் வெட்டியிருந்த இலக்கம், விலை, திகதி, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் எழுதி இரண்டு பிரதிகளில் ஒப்பமிட்டோம். கொடுக்கும் முன் மாமி டைனமோவை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டார். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, அந்த டைனமோவில்தான் மகன் றேடியோ கேட்கச் செய்தாராம். தம்பி ஒரு கதையும் பேசாமல் கழற்றிக் கொடுத்தார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் காலை அளந்துகொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிமிர்ந்து நின்று, ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை அளவு நாடாவால் அளக்கவும். அந்த அளவை 0.88 ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பகுதிவரை இருக்க வேண்டிய உயரம் வரும். எனக்கு 27 அங்குலம். ஆகவே 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விழப் பயமிருந்தால் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

அளவு நாடா இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி ஏறி இருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக இருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்கால் சற்று மடியும். அதுதான் சரியான உயரம். சீற் பதிந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். அதிகம் உயர்ந்தால் ஒவ்வோர் உழக்குக்கும் இடுப்பு இரு பக்கமும் ஆடும். ஹான்டிலைப் பிடிக்கும்போது முழங்கை சிறிது மடிந்திருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிறேம் உங்களுக்கு நீளம். சீற்றை ஏற்றி இறக்கலாம், பிறேமை மாற்ற முடியாது. சீற் கம்பியில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவும் கூடாது.

அடுத்தது உடைவு. பிறேமின் பொருத்துகளை விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் தீந்தை புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றினால் பிறேக் கட்டைக்கு நடுவில் ஆடாமல் ஓட வேண்டும். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. முன்பல்லுச் சில்லின் முன்பக்கத்தில் செயினை விரலால் இழுங்கள். பல்லை விட்டு நன்றாக எழும்பி வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. ரயரின் பக்கங்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் மூன்று சைக்கிள்களைப் பார்த்தேன். ஒன்றின் ஹான்டில் எட்டவில்லை. மற்றொன்று நல்ல மலிவு, ஆனால் பிறேம் இலக்கம் அரத்தால் அராவப்பட்டிருந்தது. களவுச் சாமானாக இருந்தால் பணமும் போய், பொலிசுக்கும் அலைய வேண்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் 26 அங்குல லேடீஸ் லுமாலா. பார் இல்லை, செயினுக்கு மூடி உண்டு, சேலையோடும் ஏறலாம். பற்றுச்சீட்டும் வைத்திருந்தார். அவர் சொன்ன விலை 36,000 ரூபா. செயினும் பின்ரயரும் மாற்ற வேண்டும், 5,500 ரூபா முடியும் என்று அண்ணையிடம் விசாரித்துவிட்டு, அதை அப்படியே அவரிடம் சொன்னேன். 31,000 ரூபாவுக்குத் தந்தார். கணவரின் சைக்கிள் விற்ற காசுக்கு மேலே எனக்குச் செலவானது 9,500 ரூபா. அதைச் சீட்டுக் காசிலிருந்து எடுத்தேன்.

முதல் நாள் தையல் நிலையத்துக்குப் போய் வந்தபோது முழங்கால் நோகவில்லை. படலையடியில் பிறேக் பிடித்துக் கால் ஊன்றி நின்றேன். மாமி பார்த்துவிட்டு, "இப்பதான் நீ சைக்கிளில இருக்கிறாய். முந்தி சைக்கிள் உன்னைக் கொண்டு திரிஞ்சது" என்று சிரித்தார்.

சகோதரிகளே, நான் சொன்ன விலைகள் அந்த நெருக்கடிக் காலத்துக்குரியவை, இன்று வேறாக இருக்கும். ஆனால் அளக்கும் முறை என்றும் ஒன்றுதான். ஒருவர் தந்தது என்பதற்காகவோ, ஒருவர் விட்டுப்போனது என்பதற்காகவோ, உடம்புக்குப் பொருந்தாத ஒன்றில் ஏறி விழுந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

மகள் இப்போது என்னைவிட உயரம், தகப்பனைப்போல. என் சைக்கிள் அவளுக்குக் காணாது. வரும் சனிக்கிழமை அவளுக்கு ஒன்று பார்க்கப் போகிறோம். மாமி இப்போதே அளவு நாடாவை எடுத்து றங்குப்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டார். டைனமோ அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.